பலகையின் முதுகு

எங்கள் தீவுக் கிராமமான சலேபுவாவில் மாதத்தின் முதல் வியாழக்கிழமை காலையில் நாய்கள்கூட ஒழுங்காகப் படுத்திருக்கும். அன்றுதான் பெண்கள் குழு வீடு வீடாகப் பார்வையிட வரும். ஒரே நீலத் துணியில் தைத்த உடை போட்டுக்கொண்டு பதினைந்து பெண்கள் வரிசையாக நடப்பார்கள். முன்னால் லெபெகா, அவளுக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக எசெட்டா. லெபெகாவுக்கு இடது முழங்காலில் வலி. அதனால் மெதுவாகத்தான் நடப்பாள். மெதுவாக நடப்பதால்தான் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்புவதில்லை என்று ஊரில் வருத்தத்தோடு பேசிக்கொள்வார்கள்.

பத்தொன்பது வருடமாக அவள்தான் குழுவின் தலைவி. வீட்டின் முன்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பாள். முன்னால் துணி காயக் கூடாது. பன்றி திரியக் கூடாது. உடைந்த வாளி, பழைய டயர், காலி பாட்டில் எதுவும் கிடக்கக் கூடாது. குடும்பக் கல்லறையில் சுண்ணாம்பு மங்கியிருக்கக் கூடாது. காலை ஏழு மணிக்கு மேல் ஓலைத்தட்டி தொங்கக் கூடாது; சுருட்டி மேலே கட்டியிருக்க வேண்டும். எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்களும் கூரையும்தான். பகலில் தட்டி இறங்கியிருந்தால் உள்ளே யாராவது செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோம்பேறி யாராவது தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். சாவு வீட்டுக்கு அபராதம் கிடையாது. மற்றவர்களுக்கு ஒரு பெட்டி டின் மீன்.

"வீட்டுக்குப் பின்னாடி நீ எப்படி வேணா இருந்துக்கோ. முன்னாடி இருக்கிறது உன்னோடது இல்ல, ஊரோட முகம்" என்பாள். அபராதம் போடும்போது குரல் உயராது. அதுதான் பெண்களுக்கு இன்னும் எரிச்சலைத் தரும்.

லித்தாராவுக்கு அந்த எரிச்சல் கொஞ்சம் அதிகம். அவள் புருஷனின் ஓடாத வண்டி ஒன்று துருப்பிடித்து வாசலில் நின்றது. லெபெகா விடாமல் நான்கு மாதம் அபராதம் போட்டாள். ஐந்தாவது மாதம் லித்தாராவின் அண்ணன்மார் ஆறு பேர் சேர்ந்து அந்த வண்டியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. லித்தாரா அதை மறக்கவே இல்லை.

லெபெகாவின் வாழ்க்கையில் வேறு பெரிய விஷயம் என்று எதுவும் இல்லை. புருஷன் ஆக்லாந்துக்கு வேலைக்குப் போனான். இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. அங்கே அவனுக்கு வேறு வீடு அமைந்துவிட்டது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். குழந்தை இல்லை. அவள் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். எங்களில் அது கேவலம் இல்லை. பிறந்த வீட்டில் சகோதரிக்குத்தான் மரியாதை அதிகம். அவள் தம்பி சேமுவுக்குத்தான் மத்தாய் என்கிற குடும்பத் தலைவர் பட்டம். நிலம் பற்றிப் பேசுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அவன் பாடு. ஆனால் அக்காவைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது. அக்காவின் மனம் கசந்தால் தம்பியின் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது எங்கள் நம்பிக்கை.

அந்த வீடு சாலை வளைகிற முனையில் இருக்கிறது. முன்னால் புல்தரை, அதில் அவள் அப்பா அம்மாவின் வெள்ளைக் கல்லறை. அதைத் தாண்டினால் சாலை, அப்புறம் வளைகுடா முழுவதும். உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்க்கரை வீடுகள், தேவாலயம், நகரத்திலிருந்து வரும் பஸ் எல்லாம் தெரியும். யார் வீட்டு முன்னால் என்ன கிடக்கிறது என்பதும் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சவாயி தீவில் ஒரு சாவுக்குப் போய்விட்டு ஒன்பது நாள் கழித்துத் திரும்பினாள். பஸ் வளைகுடாவைச் சுற்றி வரும்போது தூரத்தில் ஒரு பெரிய சிவப்புச் சதுரம் தெரிந்தது. கிட்டே வர வர அதில் முகங்கள் தெரிந்தன. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு பேருக்கும் தேங்காய் பருமனுக்குப் பல். அம்மாவின் கையில் ஒரு போன். பஸ்ஸில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர்தான் வாயைத் திறந்தான்.

"லெபெகா, உங்க வீட்டைக் காணோமே. எங்க நிறுத்தட்டும்?"

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் வழக்கமான இடத்தில் இறங்கினாள். நான்கு இரும்புக் கால்கள் புல்தரையில் சிமெண்டில் ஊன்றியிருந்தன. ஒரு கால் அம்மாவின் கல்லறையிலிருந்து இரண்டு அடி தள்ளி இருந்தது. சிரிக்கிற முகங்கள் சாலையைப் பார்த்திருந்தன. வீட்டுக்குள் போய் உட்கார்ந்தபோது அவளுக்குத் தெரிந்தது விளம்பரப் பலகையின் முதுகு மட்டும்தான். குறுக்கும் நெடுக்குமாகச் சாம்பல் நிற இரும்புச் சட்டம், போல்ட்டு, தொங்கும் ஒயர். கடல் இரண்டு பக்கமும் ஒரு முழம் ஒரு முழமாக மிச்சமிருந்தது.

சேமு நகரத்தில் டாக்சி ஓட்டுகிறவன். சனிக்கிழமை வந்தான். சுட்ட கோழி, ரொட்டி, வெண்ணெய் எல்லாம் கொண்டுவந்தான். தின்ன எதுவும் இல்லாமல் வந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கோழியைப் பார்த்ததும்தான், இவனுக்குத் தப்பு என்று தெரிந்தே இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது.

போன் கம்பெனிக்காரர்கள் ஊர்ச் சபைக்கு வந்தார்களாம். வளைவு முனைதான் நல்ல இடம் என்றார்களாம். பதிலுக்குப் பெண்கள் குழுக் கட்டடத்துக்குப் புதுத் தகரக் கூரை போட்டுத் தருவார்களாம். அந்தக் கூரை ஏழு வருடமாக ஒழுகுகிறது. சபையில் எல்லோரும் சரி என்றபோது தன்னால் மட்டும் எப்படி மறுக்க முடியும் என்று கேட்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவே, அக்கா."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவள் கோழியைத் தொடவில்லை. அவனே பாதி தின்றுவிட்டு மீதியை மூடி வைத்துவிட்டுப் போனான்.

இதைப் பெரிய அநியாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாரும் சாகவில்லை, யார் வீடும் இடியவில்லை. கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. பத்தடி நடந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் தினமும் கண்விழித்ததும் பார்ப்பது எது என்பது சின்ன விஷயமா? காலைச் சேம்பை உரிக்கும்போதும், சாயங்காலப் பிரார்த்தனைக்குக் கண்ணை மூடித் திறக்கும்போதும் எதிரே இரும்புச் சட்டம். காற்று அடித்தால் அது முனகியது. மைனாக்கள் சட்டத்தில் உட்கார்ந்து கல்லறை மேல் எச்சமிட்டன. வெயில் படாத பக்கத்தில் சுண்ணாம்பு பச்சை பிடித்தது. அவள் வாரம் இரண்டு முறை தேய்த்துக் கழுவினாள்.

கொஞ்ச நாளில் ஓலைத்தட்டிகளைப் பகலிலும் முன்பக்கம் இறக்கிவிட ஆரம்பித்தாள். குழு பார்வையிட வரும் வியாழக்கிழமை காலைகளில் மட்டும் சுருட்டிக் கட்டினாள்.

எதிர்க்கரையில் இந்த மாற்றத்தைப் பெண்கள் நாலே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். தலைவிக்கு இப்போது இந்தப் பக்கம் தெரியாது. முதலில் ஒரு வீட்டு முன்னால் துணி காய்ந்தது, பிறகு நான்கு வீட்டில். அதோடு நிற்கவில்லை. மளிகைக்கடைக்காரன் கடை முழுவதும் அதே சிவப்பை அடித்தான், பெயிண்ட் இலவசம். பள்ளிக்கூட வேலியில் குளிர்பான விளம்பரத் துணி. தென்னைமரங்களில் ஆணி அடித்து நூடுல்ஸ் தகரம். ரக்பி போட்டிக்குக் கட்டிய பேனர்கள் போட்டி முடிந்தும் கிழிந்து தொங்கின. தேவாலயத் திருப்பத்து வீட்டு முன்னால் இன்னொரு கம்பெனி ஒரு நீலப் பலகை வைத்தது. பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது ஜன்னல் வழியாக ஒரு பெரிய ஐஸ்கிரீம் தெரிந்தது.

லெபெகா நீலப் பலகை வைத்த வீட்டுக்கு அபராதம் போடச் சொன்னபோது எசெட்டா பேனாவைத் திறந்தாள். பின்னாலிருந்து லித்தாரா மெதுவாகச் சொன்னாள், ஆனால் பதினைந்து பேருக்கும் கேட்டது.

"முதல்ல பெரியவங்க வீட்டு வாசல்ல இருந்து ஆரம்பிக்கட்டும். அப்புறம் நாங்க வரோம்."

எசெட்டா பேனாவை மூடினாள். அன்று யாருக்கும் அபராதம் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. வாளி கிடந்த வீட்டில்கூட, "இது கண்ணுக்குத் தெரியுது, அது தெரியலையா?" என்று ஒரு சின்னப் பெண் வளைவுப் பக்கம் கையைக் காட்டினாள். லெபெகாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பத்தொன்பது வருடம் அவள் சொன்ன சொல் எதுவோ, அது இப்போது அவள் வீட்டு வாசலில் நான்கு காலில் நின்றது. அதை எடுக்காவிட்டால் அவள் இனி யாரையும் எதுவும் சொல்ல முடியாது.

அவளிடம் இருந்தது குழுவின் நோட்டு ஒன்றுதான். குழு அபராதம் போட்டு நோட்டில் எழுதிவிட்டால் ஊர்ச் சபைகூட அதைத் தள்ளாது. அது எங்கள் வழக்கம். ஆண்களின் பேச்சு சபையில், பெண்களின் பேச்சு நோட்டில். ஒரு மாதத்தில் எடுக்கச் சொல்லி எழுதினால் சேமு எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் அவனுக்கு ஊரில் தலைகுனிவு. அதையும் நினைத்துப் பார்த்தாள். நினைத்துவிட்டு எசெட்டாவைக் கூப்பிட்டு, வரும் வியாழக்கிழமை என் வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள்.

தலைவி வீடு கடைசியாகத்தான் வரும். அங்கே யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். கோக்கோ குடித்து, பன் தின்று, கொஞ்ச நேரம் காலை நீட்டுவார்கள், அவ்வளவுதான். எசெட்டா நோட்டின் பக்கங்களைப் புரட்டினாள். அவள் மகனுக்கு அதே கம்பெனியில் வேலை கிடைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆனாலும், "நீங்க சொல்லுங்க அக்கா, நான் எழுதுறேன்" என்றாள். லெபெகா அதை நம்பினாள்.

நம்பியதோடு நிற்காமல் ஒரு காரியம் செய்தாள். அன்று காலை தட்டியைச் சுருட்டவில்லை. எல்லோரும் உள்ளே வந்து உட்காரட்டும், பிறகு ஒரே இழுப்பில் தட்டியைத் தூக்கிவிடுவோம் என்று நினைத்தாள். சாலையிலிருந்து சிரிக்கிற முகத்தையே பார்த்துப் பழகியவர்கள் இந்த முதுகை ஒரு தடவை எதிரே உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்தால் போதும், பேசவே வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பெண்கள் வந்து பாயில் காலை மடித்து உட்கார்ந்தார்கள். பாதிரியார் மனைவி ரூட்டாவும் அன்று வந்திருந்தாள். லெபெகா கயிற்றை இழுத்தாள். தட்டி சடசடவென்று மேலே சுருண்டது.

பலகையின் முதுகு எதிரே நின்றது. லெபெகா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இங்கே நிழல் நன்றாக இருக்கிறதே என்றாள். அவள் கேலி செய்யவில்லை. வெயிலில் நடந்து வந்தவள் மனதில் பட்டதைச் சொன்னாள்.

லெபெகா தன் பெயரையே சொல்லி, தன் வீட்டு முன்னால் கண்ணுக்கு அசிங்கமான பொருள் இருப்பதாக எழுதச் சொன்னாள். அபராதம் ஒரு பெட்டி, எடுக்க ஒரு மாதம். எசெட்டா நோட்டைப் பார்த்தபடியே இருந்தாள். பேனா அசையவில்லை.

ஒரு இளம்பெண், எனக்கு அது அசிங்கமாகத் தெரியவில்லை, பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாலும் அந்தச் சிவப்பு தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று எழுந்துகொள்கிறேன் என்றாள். இன்னொருத்தி, நகரத்து ஊர்களில் இருக்கிறது, நம் ஊரில் மட்டும் இருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"என் வண்டி துருப்பிடிச்சிருந்துச்சு. அதனால அசிங்கம்னு சொன்னீங்க" என்றாள் லித்தாரா. "இதுல ஒரு பொட்டு துரு இல்லையே, அக்கா. மாசாமாசம் ஆள் வந்து துடைச்சுட்டுப் போறான்."

லெபெகா ரூட்டாவைப் பார்த்தாள். ரூட்டா நல்லவள், யாரையும் புண்படுத்திப் பேசாதவள்.

"குப்பைன்னா தூக்கிப் போட்டுடலாம், லெபெகா" என்றாள் ரூட்டா. "நாம வாங்கிப் போட்டுக்கிட்ட கூரையை என்ன பண்றது? அதையும் பிரிச்சுக் குடுக்கணுமே."

கை தூக்கச் சொன்னார்கள். எடுக்க வேண்டும் என்று மூன்று கைகள் உயர்ந்தன, லெபெகாவின் கையையும் சேர்த்து. எசெட்டாவின் இரண்டு கைகளும் நோட்டின் மேல் இருந்தன.

எல்லோரும் எழுந்திருக்கப் போனார்கள். லித்தாரா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொண்ணு இருக்கு. நாம வரும்போது தட்டி இறங்கியிருந்துச்சு. மணி ஒன்பது. இந்த வீட்ல யாரும் சாகல."

ரூட்டா, போகட்டும் விடு என்பதுபோல் கையை அசைத்தாள். எசெட்டாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. எதற்காக இறக்கி வைத்திருந்தேன் என்று லெபெகா விளக்கியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்கு ஜுரம் என்றார்கள், மழை வரும்போல் இருந்தது என்றார்கள். அவள் ஒன்றைக்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

"எழுது, எசெட்டா" என்றாள்.

எசெட்டா எழுதினாள். இந்தத் தடவை பேனா ஓடியது.

அபராதம் வாங்கியவர் அந்த வருடம் முன்னால் நடக்கக் கூடாது. அந்த விதியையும் லெபெகாதான் ஏற்படுத்தியிருந்தாள். டின் மீன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு புதுச் சிவப்புக் கூரைக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் லித்தாரா முன்னால் நடந்தாள். அவள் நல்ல வேகம். ஊர் முழுவதையும் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டாள்.

லெபெகா தட்டியை இறக்கியே வைத்தாள். மாதம் ஒரு பெட்டி கொடுத்தாள். சேமு விஷயம் கேள்விப்பட்டு டாக்சியில் நான்கு பெட்டி அனுப்பினான். அவள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, தோட்டத்து வாழைத்தாரையும் சேம்பையும் சந்தையில் விற்றுத் தானே வாங்கினாள். வீம்பு என்றார்கள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது, பட்டப்பகலில் பிணம் மாதிரி கிடக்கிறாள் என்றார்கள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதுதான்.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேமு வந்தான். கோழி இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் ஒரு மெல்லிய பாயை மடித்துப் போட்டிருந்தான். பெரிய காரியங்களுக்குத்தான் அந்தப் பாயைக் கொண்டுவருவார்கள். வீட்டின் பின்தூணருகே, பணிந்தவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, பாயை அவள் முன்னால் விரித்தான். போன தடவை கேட்காமல் செய்தது தவறு என்றான். அதிலிருந்து பிள்ளைகளுக்கு மாறி மாறி உடம்பு சரியில்லை என்றான். இந்தத் தடவை முறையாகக் கேட்க வந்திருப்பதாகச் சொன்னான்.

பலகையின் பின்பக்கம் சும்மா கிடக்கிறதாம். மறுதிசையிலிருந்து வரும் பஸ்ஸுக்குத் தெரிகிற மாதிரி அங்கேயும் ஒரு படம் வைக்கக் குளிர்பானக் கம்பெனி ஒன்று கேட்கிறதாம்.

"நீ சொல்றதுதான், அக்கா. உன் வார்த்தை எதுவோ அதுதான்."

லெபெகா அவனை நன்றாகப் பார்த்தாள். கேட்டு வந்துவிட்டான். கேட்க வேண்டிய விதத்திலேயே கேட்டுவிட்டான். அவள் கொஞ்சம் இளகித்தான் போனாள்.

"வேணாம், சேமு" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். சரி என்றான். அவள் கையால் சீமைப்பலாவும் தேங்காய்ப்பாலும் வாங்கித் தின்றான். பல மாதத்துக்குப் பிறகு இருவரும் பேசிச் சிரித்தார்கள். பாயை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை லாரி வந்தது. கம்பெனியில் படத்தை ஏற்கெனவே அச்சடித்துவிட்டார்கள் என்று ஏணியில் ஏறியவன் சொன்னான். கையெழுத்து போன மாதமே ஆகிவிட்டதாம். சேமுவுக்குப் போன் செய்தாள். அவன் ரொம்ப வருத்தப்பட்டான். "நான் உன்னைக் கேட்டேனே, அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கேட்டதும் அவன் மனப்பாரம் இறங்கியிருந்தது. அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இரண்டு ஆள் உயரத்துக்கு ஓர் ஆரஞ்சுப் பாட்டில். சாயங்காலம் மலைப்பக்கத்து வெயில் அதில் பட்டபோது, தட்டியின் ஓலை இடுக்கு வழியாக வீடு முழுவதும் ஆரஞ்சு நிறம் பரவியது. பாய், தூண், சோற்றுப் பானை, அவள் கை எல்லாம் அந்த நிறமானது. தட்டியின் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். மேலேயும் பக்கத்திலும் புகுந்தது. தட்டி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அடுத்த மாதத்தின் முதல் வியாழக்கிழமை காலையில் ஆறரை மணிக்கே லெபெகா எழுந்து முன்பக்கத் தட்டிகள் ஐந்தையும் சுருட்டி மேலே கட்டினாள். கடலுக்கு முதுகைக் காட்டி, சமையல்கொட்டகையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு தேங்காய் துருவினாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்வது எங்களில் மரியாதை இல்லை, ஆனால் அதற்கு அபராதம் கிடையாது.

நீல உடைகள் வாசலில் வந்து நின்றன. லித்தாரா புல்தரையைப் பார்த்தாள், கல்லறையைப் பார்த்தாள், தட்டிகளைப் பார்த்தாள். எசெட்டா, "எழுந்திருக்க வேணாம் அக்கா, எல்லாம் சரியா இருக்கு" என்றாள். லெபெகா திரும்பவில்லை. எசெட்டா நோட்டில் அவள் பெயருக்கு நேரே குறை எதுவும் இல்லை என்று எழுதினாள். பெண்கள் அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள்.